பழைய சுவரும் காகிதப் போர்வையும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நாம் அறிந்த பழமொழி. நம் ஊரில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பூவேலைப்பாடு அச்சிட்ட காகிதத்தைச் சுவரில் ஒட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. அது மங்கிப் போனால், பலர் உரிக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டினர். ஆகவே, நூறாண்டு கடந்த வீட்டில் அந்தக் காகிதத்தை நீக்குவது எளிய வேலை அன்று. அதை எவ்வாறு செய்கிறார்கள் எனக் காண்போம்.

முதலில் ஆபத்தை அறிந்துகொள்ள வேண்டும். 1775-இல் ஷீலே என்னும் வேதியியல் அறிஞர் சுவீடன் நாட்டில் செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஒரு பச்சை நிறத்தை உருவாக்கினார். கண்ணைக் கவர்ந்த அந்நிறம் 19-ஆம் நூற்றாண்டில் சுவர்க் காகிதங்களிலும் ஏறியது. ஆர்சனிக்கோ கொடிய நஞ்சு! காகிதத்தின் அடியிலுள்ள பழைய வண்ணப் பூச்சில் ஈயம் இருப்பதும் உண்டு. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே காய்ந்த சுவரைச் சுரண்டுவதும், உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும் கூடாது. சிறு துண்டு ஒன்றைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும். நஞ்சு இருந்தால், பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

நஞ்சு இல்லையெனில் வேலையைத் தொடங்கலாம். அறையின் மின்சாரத்தை நிறுத்தித் தரையில் விரிப்புப் போட வேண்டும். பழங்காலக் காகிதங்களைப் பெரும்பாலும் மாவுப் பசை கொண்டே ஒட்டினர். நாம் நோட்டுப் புத்தகத்திற்கு அட்டை போடக் காய்ச்சும் மைதாப் பசைக்கு அது உறவு. வெதுவெதுப்பான நீரில் இளகிவிடும். நீரைப் பஞ்சினால் ஒற்றி, கால்மணி நேரம் பொறுத்திருந்து, அகன்ற தகட்டைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தள்ளினால் காகிதம் சுருண்டு வரும். வராவிட்டால் மீண்டும் நனைக்க வேண்டும். பலவந்தமாக இழுத்தால் காரையும் சேர்ந்து பெயரும். நீரை அள்ளிக் கொட்டினாலும் அதே கதிதான். பதறாத காரியம் சிதறாது அன்றோ! இறுதியில் எஞ்சிய பசையைக் கழுவிச் சுவரை நன்றாக உலரவிட வேண்டும். இல்லையேல் மேலே அடிக்கும் வண்ணம் உரிந்துவிடும்.

இவ்வளவு பொறுமை எதற்கு என நாம் கேட்கலாம். நியூயார்க் நகரில் ஆர்ச்சர்ட் தெருவில் 97-ஆம் எண்ணுள்ள அடுக்குவீடு 1863-இல் கட்டப்பட்டது. பிழைப்புத் தேடிப் பல நாடுகளிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் 1935 வரை அங்குக் குடியிருந்தன. அக்கட்டடத்தை அருங்காட்சியகமாக்கியவர்கள் அதன் சுவர்களில் அடுக்கடுக்காகக் காகிதங்களைக் கண்டனர். அந்த மக்கள் காலையும் மாலையும் பார்த்திருந்த பூக்கள் அவை. ஒரே வீச்சில் சுரண்டியிருந்தால் அவ்வளவும் குப்பைக்குப் போயிருக்கும்.

ஆதலால், பழைய சுவரைத் துப்புரவு செய்வோர் ஒவ்வோர் அடுக்கிலும் உள்ளங்கை அளவு துண்டை எடுத்து, எந்த அறை, எத்தனையாவது அடுக்கு என்று எழுதிப் பாதுகாப்பது நன்று. புதுச் சுவரும் கிடைக்கும். அவ்வீட்டில் வாழ்ந்தோரின் நினைவும் நிலைக்கும்.