இறுகிய மண்ணில் காடு எழாது

நிலக்கரி எடுத்த இடத்தில் பச்சை தெரிந்தாலே நிலம் மீண்டுவிட்டது என்று நம்பிவிடுகிறோம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியின் அனுபவம் வேறு. அங்கே 1977-ல் வந்த திறந்தவெளிச் சுரங்கச் சட்டம், தோண்டிய நிலத்தைச் சீர்படுத்தும் கடமையைச் சுரங்க நிறுவனங்கள்மீது வைத்தது. தேவையான சட்டம்தான், அதற்கு முன்பு மண்சரிவும் சேறு நிறைந்த ஓடைகளும் மலைமக்களை வாட்டின. ஆனால் மண் சரியக்கூடாது, கரையக்கூடாது என்பதிலேயே எல்லோர் கவனமும் குவிந்தது. கழிவுப் பாறையைக் கொட்டி, புல்டோசரை மேலும் கீழும் ஓட்டி அழுத்தி, வேகமாகப் படரும் புல்லை விதைத்தார்கள். புல் வந்தது, காடு வரவில்லை. சட்டத்துக்கு முன் அப்படியே குவித்துவிட்டுப்போன பழைய மேடுகள் பலவற்றில், நட்ட மரங்கள் நன்றாகவே வளர்ந்திருந்தன.

காரணம் மண்ணின் இறுக்கம். அழுத்திய தரைக்குள் காற்றும் நீரும் புகுவதில்லை, வேரும் இறங்குவதில்லை. அடர்ந்த புல்லோ கன்றுக்குரிய நீரையும் வெயிலையும் பிடுங்கிக்கொள்கிறது. அதில் பதுங்கும் எலிகள் இளம்பட்டையைக் கடித்துவிடுகின்றன. கென்டக்கி, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் நடத்திய ஆய்வுகளிலிருந்து ஒரு முறை உருவானது. குறைந்தது நான்கடி ஆழத்துக்கு நல்ல மண்ணைப் பொலபொலவென்று பரப்பி, அதன்மேல் வண்டி ஓடுவதைக் குறைத்து, கன்றோடு போட்டியிடாத செடிகளை மட்டும் விதைப்பதே அதன் சாரம். மண்ணோடு அல்லது மண்ணுக்குப் பதிலாகப் பரப்பும் உடைந்த பாறையின் வகையும் முக்கியம். வெயிலும் மழையும் பட்டுச் சிதைந்த பழுப்பு மணற்பாறை, அங்குள்ள மரங்கள் விரும்பும் லேசான அமிலத்தன்மை கொண்டது. ஆழத்திலிருந்து வரும் சாம்பல்நிறப் பாறை காரத்தன்மை உடையது. கென்டக்கியின் பென்ட் மலையில் இரண்டையும் ஒப்பிட்டபோது, பழுப்புப் பாறையில் வளர்ந்த மரங்கள் வெகுவாக முந்தின.

தளர்ந்த மண் மழையில் அடித்துச் செல்லப்படாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மேடுபள்ளமான தளர்ந்த பரப்பு மழைநீரை உள்ளே இழுத்துக்கொள்வதால், மேலே வழிந்தோடும் நீர் குறைகிறது. சரிவான இடங்களில் அடிப்பகுதியைக் கெட்டிப்படுத்தி, மேல் நான்கடியை மட்டும் தளர்வாக விடலாம். செலவு கூடும் என்பாரும் உண்டு. புல்டோசர் குறைவாக ஓடினால் டீசல் மிச்சம்தான். ஏற்கெனவே இறுகிப்போன நிலத்தை ஆழமாகக் கீறித் தளர்த்துவதற்குத்தான் செலவு பிடிக்கும். ஆகவே முதலிலேயே சரியாகச் செய்வதுதான் மலிவு.

இந்தியாவின் நிலக்கரிப் பகுதிகளான ஜாரியா, சிங்ரௌலி, நெய்வேலி ஆகியவற்றின் மண்ணும் மழையும் வேறு. அமெரிக்காவில் நடும் மரங்களின் பட்டியல் நமக்கு உதவாது. வேருக்கு இடம் வேண்டும் என்பது மட்டும் எங்கும் மாறாது. நம் சுரங்கங்களில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு, அவற்றின் அடியிலுள்ள மண்ணின் ஆழத்தையும் இறுக்கத்தையும் அளந்து மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும்.