பித்தளைப் பானைக்குள் வெள்ளீயம்



பொங்கல் நெருங்கினால் நம் தோட்டத்து வீடுகளில் பித்தளைப் பானை பரணிலிருந்து இறங்கும். அதன் வெளிப்புறம் மஞ்சள், உட்புறம் வெண்மை. ஒரே பானையில் இரண்டு உலோகங்கள்! அவற்றை இணைத்தது எது? நெருப்புத்தான்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளியும் மோரும் பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும். வாந்தியும் வயிற்றுவலியும் வரும். இதைத் தடுக்கவே உள்ளே வெள்ளீயம் பூசுகிறோம்.

வெள்ளீயம் நமக்குப் புதிதல்ல. பேராக் மாநிலத்துச் சுரங்கங்களின் தாது, பினாங்கு டத்தோ கிராமாட்டில் உருக்கப்பட்டுக் கட்டிகளாக வார்க்கப்பட்டது. 1907-இல் அமைந்த ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனியின் ஆலை அங்கேதான் இருந்தது.

ஈயம் பூசுகிறவர் முதலில் பானையை மணலும் புளியும் இட்டுத் தேய்க்கிறார். பிறகு கரி அடுப்பில் சூடேற்றி நவச்சாரப் பொடியைத் தூவுகிறார். வெண்புகை எழும். சூட்டில் பித்தளைமேல் படிந்த மாசுப் படலத்தை நவச்சாரம் நீக்கிவிடும். உடனே ஈயத்தை வைத்துத் தேய்த்தால் அது உருகும், பஞ்சால் பரப்புகிறார். ஈயம் செம்போடு கலந்து, இடையே மெல்லிய கலப்பு உலோகப் படலம் உண்டாகிறது. அதனால்தான் பூச்சு எளிதில் உரிவதில்லை. சூடு குறைந்தால் ஈயம் ஒட்டாது, மிகுந்தால் கருகிவிடும்.

தாய்மார்களே, ஒன்றை மறவாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். பானையில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். வெறும் பானையை அடுப்பில் வைத்தால் பூச்சு உருகிப்போகும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பானால் சொம்பே உருகிவிடும்!

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வெள்ளீயம், காரீயம் இரண்டையும் நாம் ‘ஈயம்’ என்றே சொல்கிறோம். காரீயமோ நஞ்சு. விலை மலிவு என்பதால் அதைக் கலந்துவிடுவோர் உண்டு. அது உடலில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இரத்தச் சோகையும் தரும். காரீயத்தை வெள்ளைத் தாளில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும். கோடு விழுந்தால் அந்த ஈயத்தை ஏற்காதீர்கள். ஆனால் கலப்பு குறைவாயின் கோடு விழாமலும் போகலாம். ஆகவே, தூய வெள்ளீயம் என்று உறுதியானால் மட்டுமே பூசச் சொல்லுங்கள். ஐயமிருந்தால் எவர்சில்வரில் சமையுங்கள்.

பாட்டி தந்த பானை நமக்குப் பெருமைதான். பிள்ளைகளின் நலம் அதனினும் பெரிது.