மத்திகிரி குதிரைப் பண்ணை

மத்திகிரி குதிரைப் பண்ணை என்பது தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பண்ணை ஆகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குக் குதிரைகளை வளர்த்துப் பழக்கி அனுப்புவது இதன் நோக்கமாக இருந்தது. தற்போது தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறையின் கீழ் மாவட்டக் கால்நடைப் பண்ணையாக இயங்குகிறது. இதன் பரப்பளவு 1,600 ஏக்கருக்கும் அதிகமாகும்.

இடத்தேர்வு

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியின் கடும் வெப்பம் இங்கு இல்லை. மேய்ச்சல் நிலமும் ஏரி நீரும் கிடைத்தன. பெங்களூர்ப் படைமுகாம் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தது. தென்னிந்தியக் குதிரை லாயங்களின் முதன்மைத் தீவனமான கொள்ளு இப்பகுதியின் மானாவாரிப் பயிர்களுள் ஒன்றாகும்.

பழக்கும் முறை

படைக்குதிரையாயினும் பந்தயக் குதிரையாயினும் தொடக்கப் பயிற்சி ஏறத்தாழ ஒன்றே. முதலில் குதிரையை மனிதரின் தொடுகைக்குப் பழக்குவர். பின்னர் நீண்ட கயிற்றில் கட்டி வட்டமாக ஓடவிடுவர். அடுத்து கடிவாளமும் சேணமும் பூட்டி, இறுதியில் ஆள் ஏறுவர். இதன் பின் வழிகள் பிரிகின்றன. படைக்குதிரை பாரம் தாங்கவும், வெடியோசைக்கு மிரளாதிருக்கவும் பழக்கப்படுகிறது. பந்தயக் குதிரையோ குறுகிய தூரத்தை அதிவேகமாகக் கடக்கப் பழக்கப்படுகிறது. இந்தியாவில் அது இரண்டு வயதிலேயே பந்தயத்தில் இறங்கிவிடும்.

மாற்றம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பண்ணை படைத்துறையிடமிருந்து குடிசார் நிர்வாகத்திற்கு மாறியது. கால்நடை வளர்ப்பு முதன்மை பெற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியக் குதிரைப்படைகள் இயந்திரமயமானதால் படைக்குதிரைகளின் தேவையும் பெரிதும் குறைந்தது. எனினும் கத்தியவார் இனக் குதிரைகள் இப்பண்ணையில் பேணப்பட்டு வந்துள்ளன. 1970களுக்குப் பின் சிப்காட் தொழிற்பேட்டையால் ஓசூர் வளர்ந்தது. குதிரைகளை அனுப்பிய ஊர் இன்று இருசக்கர வண்டிகளையும் சரக்குந்துகளையும் அனுப்புகிறது.

சுற்றுலாவும் நிலமும்

இங்கிலாந்தின் நியூமார்க்கெட், பிரான்சின் சான்டிலி ஆகிய சிற்றூர்களில் குதிரைகளின் காலைநேர ஓட்டப் பயிற்சியும் குதிரை அருங்காட்சியகங்களும் பயணிகளை ஈர்க்கின்றன. ஓசூருக்கு வருவோர் பெரும்பாலும் சந்திரசூடேசுவரர் கோயிலையும் கெலவரப்பள்ளி அணையையுமே காண்கின்றனர். இரு நூற்றாண்டு கண்ட குதிரைப் பண்ணையை அறிந்தோர் சிலரே.

குதிரைகளுக்கான நிலம் மாநிலத்தில் சுருங்கி வருகிறது. 2024 ஆம் ஆண்டில் உதகை, சென்னை கிண்டி ஆகிய இரு பந்தயத் திடல்களின் நிலத்தையும் தமிழ்நாடு அரசு மீட்டுக்கொண்டது. இந்நிலையில், தொழில் நகரத்தின் ஓரத்தில் மேய்ச்சல் வெளியாகவே எஞ்சியுள்ள மத்திகிரிப் பண்ணை, தென்னிந்தியக் குதிரை வளர்ப்பு வரலாற்றின் முக்கியமான சான்றாகும்.