கூப்பிட்டும் பிள்ளை திரும்பவில்லையா? காது நரம்பும் காக்ளியர் கருவியும்

பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்லி வரவேற்பது நம் வீடுகளின் வழக்கம். அந்த ஓசை பிள்ளையின் மூளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை. திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தும் ஒரு பிள்ளை மட்டும் திரும்பவில்லை என்றால், "விளையாட்டுப் புத்தி" என்று விட்டுவிடுகிறோம். இரண்டு வயதாகியும் பேச்சு வராவிட்டால், "அவன் அத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இந்தத் தாமதம்தான் ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

நரம்பின் மொழி மின்சாரம்

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. ஒரு நரம்பு செல் தூண்டப்பட்டால் சோடியம், பொட்டாசியம் அயனிகள் அதன் சவ்வைக் கடக்கின்றன. அதனால் சிறு மின்துடிப்பு உண்டாகி நரம்பு நெடுக ஓடுகிறது. வேகமான நரம்புகளில் அது நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். கண்ணோ, காதோ, தோலோ, மூளைக்குப் போவது இந்தத் துடிப்புகள்தான்.

காதுக்குள் வரும் ஒலி செவிப்பறையை அதிரவைக்கிறது. அந்த அதிர்வு மூன்று சிறு எலும்புகள் வழியாக, நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவை அடைகிறது. அங்குள்ள சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் அதிர்வை மின்துடிப்பாக்கிச் செவி நரம்பிடம் ஒப்படைக்கின்றன. இந்தச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் பெரும்பாலும் நரம்பு உயிருடன் இருக்கும்.

கருவி என்ன செய்கிறது?

சாதாரண காதுக்கருவி ஒலியைக் கூட்டித் தரும், அவ்வளவே. காக்ளியர் கருவி, அழிந்த செல்களின் வேலையைத் தானே செய்கிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் மைக்கும் சிறு கணினியும் ஒலியைப் பிரித்தெடுக்கும். தோலுக்கடியில் வைத்த பகுதி அதை வாங்கி, காக்ளியாவுக்குள் செலுத்திய 12 முதல் 22 மின்முனைகள் வழியாக நரம்பைத் தூண்டும். 1978ல் மெல்போர்னில் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்திய மருத்துவர் கிரேம் கிளார்க்கின் தந்தையும் காது கேளாதவர்தான்.

ஏன் அவசரம்?

கேட்காத மூளைக்குப் பேச்சு பழகாது. முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில் ஒலி போய்ச் சேராவிட்டால், மூளையின் கேட்கும் பகுதி வேறு வேலைகளுக்குப் பழகிவிடும். பிறகு கருவி வைத்தாலும் தெளிவான பேச்சு வருவது கடினம். எனவே பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குதல் என்று மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பரிசோதனையில் வலி இல்லை. தூங்கும் பிள்ளைக்கும் செய்யலாம்.

சொந்தத்துக்குள் திருமணம், கர்ப்பகாலத்தில் ரூபெல்லா அம்மை, குறைமாதப் பிரசவம், பிறந்தவுடன் கடுமையான மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை இருந்தால் கட்டாயம் பரிசோதியுங்கள். இது யாருடைய குற்றமும் அல்ல. மறைப்பதால் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

பல லட்சம் ரூபாய் ஆகும் இந்த அறுவை சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. குடும்ப அட்டையுடன் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் முதலில் விசாரியுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கருவி பொருத்திய அன்றே பிள்ளை பேசிவிடாது. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். வீட்டில் அம்மாவும் அத்தாவும் நன்னியும் ஓயாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். கருவி ஒலியைத்தான் கொண்டுவரும். அதற்குப் பொருள் சொல்லித் தருவது நாம்தான்.