விழுப்புரம் – திருச்சிராப்பள்ளி குறுக்குத் தொடருந்துப் பாதை

விழுப்புரம் – திருச்சிராப்பள்ளி குறுக்குத் தொடருந்துப் பாதை என்பது விழுப்புரத்தையும் திருச்சிராப்பள்ளியையும் விருத்தாசலம், அரியலூர் வழியாக இணைக்கும் இருப்புப் பாதை ஆகும். இது வழக்கில் கார்டு லைன் எனப்படுகிறது. தென்னிந்திய ரயில்வே நிறுவனத்தால் 1920களின் இறுதியில் அமைக்கப்பட்ட இப்பாதை, சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் இடையிலான பயணத் தொலைவைக் குறைத்தது.

தொலைவு

இதற்கு முன்னரே அமைந்த முதன்மைப் பாதை விழுப்புரத்திலிருந்து கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் ஆகிய ஊர்களைச் சுற்றித் திருச்சிராப்பள்ளியை அடைகிறது. அப்பாதை வட்டத்தின் வில்லைப் போல வளைந்து செல்ல, புதிய பாதை அவ்வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் நாணைப் போல அமைந்தது. கார்டு என்னும் சொல்லின் பொருளும் நாண் என்பதே.

சென்னை எழும்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குத் தொலைவு (ஏறத்தாழ):
- தஞ்சாவூர் வழியாக: 400 கி.மீ.
- விருத்தாசலம் வழியாக: 337 கி.மீ.
- நேர்கோட்டில்: 300 கி.மீ.

ஆறுகளும் 1956 விபத்தும்

இப்பாதை தென்பெண்ணை, மணிமுத்தாறு, வெள்ளாறு, மருதையாறு, கொள்ளிடம், காவிரி ஆகிய ஆறுகளைக் கடக்கிறது. ஆகவே இதன் பாதுகாப்பு பாலங்களைப் பெரிதும் சார்ந்தது. 1956 நவம்பர் 23 அன்று அதிகாலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் சேதமடைந்திருந்த நிலையில் தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதற்குத் தார்மீகப் பொறுப்பேற்று, அப்போதைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

பயண நேரம்

தொலைவு மாறாதபோதும் பயண நேரம் மாறக்கூடும். தொடக்கத்தில் இது 1,000 மி.மீ. அகலமுள்ள ஒற்றைத் தடமாக இருந்தது. ஒற்றைத் தடத்தில் எதிர்வரும் வண்டி கடக்கும்வரை மற்றொன்று நிலையத்தில் காத்திருக்க வேண்டும். பின்னர் இது 1,676 மி.மீ. அகலப் பாதையாக மாற்றப்பட்டு, மின்மயமும் இரட்டைத் தடமும் பெற்றது.

மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். 337 கி.மீ. தொலைவை 5 மணி நேரத்தில் கடக்கும் விரைவு வண்டியின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 67 கி.மீ. ஆகும். 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட சென்னை – திருநெல்வேலி வந்தே பாரத் வண்டி, திருச்சிராப்பள்ளியை 4 மணி நேரத்திற்குள் அடைகிறது. வானூர்திப் பயணம் சுமார் 1 மணி நேரமே ஆயினும், நிலையத்திற்குச் செல்லுதல், சோதனை, காத்திருப்பு ஆகியவற்றையும் சேர்த்தே மொத்த நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

விருத்தாசலம் சந்திப்பு

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்துள்ள விருத்தாசலம், விருத்தகிரீசுவரர் கோயிலுக்கும் பீங்கான் தொழிலுக்கும் பெயர் பெற்றது. இங்கு வானூர்தி நிலையம் இல்லை. எழும்பூரிலிருந்து 213 கி.மீ. தொலைவிலுள்ள இவ்வூரை விரைவு வண்டிகள் சுமார் 3 மணி நேரத்தில் அடைகின்றன. கிழக்கே நெய்வேலி வழியாகக் கடலூருக்கும், மேற்கே சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்திற்கும் இங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. இதனால் வடக்கு – தெற்குப் பயணிகளும் கிழக்கு – மேற்குப் பயணிகளும் வண்டி மாறும் இடமாக இச்சந்திப்பு விளங்குகிறது.