சந்தைக்குப் போகும் காயும் லயத்தில் வேகும் ரொட்டியும்

வெலிமடையை ஊவாவின் மரக்கறிக் களஞ்சியம் என்று சொல்லுவார்கள். அதில் மிகையொன்றும் இல்லை. பேராதனையிலிருந்து நுவரெலியா வழியாகப் பதுளைக்குச் செல்லும் பெருவீதி இவ்வூரினூடே போகின்றது. வீதியின் இருமருங்கிலும் படிப்படியாக இறங்கும் வயல்களில் ஒரு போகம் நெல்லும் மறு போகம் உருளைக்கிழங்குமாக விளைகின்றன. மேட்டு நிலங்களில் போஞ்சி, கோவா, கரட், பீட்ரூட், நோகோல், லீக்ஸ். கெப்பெட்டிபொல சந்தையில் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு லொறிகள் கொழும்பை நோக்கிப் புறப்படுகின்றன.

அந்த வீதிக்கு மேலே தேயிலை மலைகள் இருக்கின்றன. மலைகளின் இடுக்கில் லயங்கள் இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியனாக இருந்தமையால், லயத்து அடுப்பில் என்ன வேகின்றது என்பதை நான் ஓரளவு அறிவேன். காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும். மதியம் மலைக்குக் கட்டிச் சென்றதும் பெரும்பாலும் அதுவே. இரவில் சோறும் ஒரு கறியும். இவற்றுக்கு இடையே எத்தனையோ கோப்பை சாயத் தண்ணீர். கண்ணுக்கெட்டிய தூரத்தில் கரட்டும் போஞ்சியும் விளைய, அவற்றை விளைவிக்கும் மண்ணிலேயே வாழும் பிள்ளைகள் வெளுத்த முகத்தோடு வகுப்பில் அமர்ந்திருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவையின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அத்தொகை நூற்றுக்கு முப்பத்திரண்டை நெருங்குகின்றது.

ரொட்டி எவ்வாறு வந்தது? இம்மக்களின் மூதாதையர் அதனைக் கொண்டு வரவில்லை. சேலம், திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். புன்செய்த் தானியம் உண்டவர்கள். இங்கு வந்தபின் தோட்டத்தில் அளந்து கொடுக்கப்பட்ட அரிசி அவர்கள் உணவாயிற்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்திலேயே அரிசி வழங்குதல் பற்றிய விதி இருந்தது. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டில் கோதுமை மா புகுந்தது. போர் முடிந்தது, மா போகவில்லை. பொழுது விடியுமுன் பிரட்டுக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு ரொட்டியைப் போல் உதவும் உணவு வேறில்லை என்பதும் உண்மை. விரைவில் வேகும், துணியில் முடிந்து கொண்டு போகலாம், மழையிலும் கெடாது, பசியை நெடுநேரம் தாங்கும். ஆகவே, "இவர்கள் ஏன் ரொட்டியையே தின்கிறார்கள்?" என்று பட்டணத்திலிருந்து வருவோர் கேட்கும்போது எனக்குச் சற்றே எரிச்சல் உண்டாகும்.

கோதுமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் முறையன்று. தேயிலை விளையும் இன்னொரு மலையூரான நீலகிரிக் குன்னூரில் ரொபர்ட் மக்கரிசன் என்ற மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எலிகளை வைத்து ஆராய்ந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வந்தார். முதலிடம் பெற்றது சீக்கியர் உணவு. அதுவும் கோதுமையே, ஆனால் தவிடு நீக்காத முழுக் கோதுமை, அதனோடு பாலும் வெண்ணெயும் பருப்பும் பச்சை மரக்கறியும். தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்து உணவு மிகப் பின்தங்கியது. பின்னர் இங்கிலாந்தின் ஏழைகள் உண்பதையும் ஒரு கூட்டத்திற்குக் கொடுத்துப் பார்த்தார்: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சீனி போட்ட தேநீர், அவித்த மரக்கறி, தகர இறைச்சி, ஜாம். அந்த எலிகள் வளர்ச்சி குன்றின, ஒன்றையொன்று கடித்தன, அறுபதாம் நாளளவில் வலியவை மெலியவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. வெள்ளை மா ரொட்டியும் இனிப்புத் தேநீரும் என்றதும் எனக்கு லயத்துக் காலையுணவு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. நம்மவர் பட்டியலில் மார்ஜரினும் ஜாமும் தகர இறைச்சியும்கூட இல்லை.

மாவைத் தீட்டும்போது தவிடும் முளையும் நீங்குகின்றன. அவற்றோடு பி வகை விற்றமின்களும் இரும்பும் பெரும்பாலும் போய்விடுகின்றன. எஞ்சுவது வேலை செய்ய வலுத்தரும் மாச்சத்து. உடலைக் கட்டவும் குருதியை ஊட்டவும் வேறு பொருள்கள் வேண்டும். அவை எங்கே?

அவை சந்தை மூலையில் குப்பையாகக் கிடக்கின்றன என்றால் வாசகர்கள் நம்புவீர்களோ என்னவோ. பீட்ரூட்டையும் முள்ளங்கியையும் நோகோலையும் பிடுங்குவோர் இலையை முறித்துத் தோட்டத்து ஓரத்திலே எறிந்துவிட்டுக் கிழங்கை மட்டும் மூட்டை கட்டுகிறார்கள். பட்டணத்தார் விலை கொடுத்து வாங்குவது கிழங்கை. ஆனால் விற்றமின் ஏ ஆக மாறும் கரட்டீனும் விற்றமின் சியும் இரும்பும் கல்சியமும் கிழங்கைவிட இலையிலேதான் மிகுதி. ஒரு பிடி பீட்ரூட் இலைக்கு இருக்கும் வீரியம் அதன் சிவந்த கிழங்குக்கு இல்லை. மாடு அதை அறிந்து தின்கின்றது.

இலையின் பெருமையைச் சொல்லும்போது லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவரைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் செல்ல எனக்கு மனமில்லை. 1928இல் அவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் ஒருவகைக் கடும் குருதிச் சோகையால் வருந்தினார்கள். நோய்க் கிருமி எதுவும் அகப்படவில்லை. அவர்கள் உண்பதை வில்ஸ் கூர்ந்து பார்த்தார். வசதியுள்ள பெண்களின் உணவோடு ஒப்பிட்டார். குன்னூர் ஆய்வுகூடத்திலும் சிலகாலம் உழைத்தார். இறுதியில் அப்பெண்களைத் தேற்றியது மார்மைட் என்ற மலிவான நொதியச் சாறு. 1931இல் அவர் அதை வெளியிட்டார். இன்றும் நம் நாட்டுக் கடைத் தட்டுகளில் இருக்கும் அதே கரிய களிம்புதான். அதனுள்ளிருந்த பொருள் யாதென்று அப்போது எவருக்கும் தெரியாது. பத்தாண்டுகளின் பின், 1941இல், அமெரிக்க ஆய்வாளர் சிலர் நான்கு தொன் பசளிக் கீரையைப் பிழிந்து வடித்து அப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். கருவிலே பிள்ளையின் முள்ளந்தண்டு வடம் பழுதுபடாமல் காப்பதில் அதற்குள்ள பங்கை 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஐயமற நிலைநாட்டியது.

நாள் முழுவதும் இலை கிள்ளும் பெண்ணுக்கு இலைச்சத்துக் குறைவு என்பதை நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தோன்றுகின்றது.

இது வெறும் இரக்கப் பேச்சன்று, கணக்கும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. ஒரு சாராருக்கு இரும்பு மாத்திரையும் மறு சாராருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து, அவர்கள் பறித்த கொழுந்தை நிறுத்தார்கள். ஒரு மாதத்தில், குருதியில் இரும்பேறியவர்களின் கூடை மற்றவர்களின் கூடையைவிடக் கனத்தது. முன்பு மிகவும் வெளுத்திருந்தவர்களிடமே அந்த ஏற்றம் அதிகமாகக் காணப்பட்டது. கொழுந்து குறைந்தால் "சோம்பேறி" என்று திட்டும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. சோம்பல் உடம்பில் இல்லை, குருதியில் இருந்தது என்பதை நிறுவை காட்டிவிட்டது.

இனித் தேநீர். தேயிலையால் வாழும் ஊரில் இருந்துகொண்டு தேநீரைப் பழிக்க மாட்டேன். ஆனால் அதற்கொரு வேளை உண்டு. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975இல் கண்டது இது: ரொட்டியோடு சேர்த்துத் தேநீர் பருகினால், அந்த உணவிலுள்ள இரும்பில் உடம்பு ஏற்கும் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து போகின்றது. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொள்கின்றது. ஆகவே உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். தேசிக்காயின் புளிப்போ நேர்மாறானது. இலையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடம்பு ஏற்க உதவுவது.

சிங்கள அயலவர் வீடுகளில் "மல்லும்" என்று ஒன்று செய்வார்கள். நம்மவர் கீரைச் சுண்டல் என்பார்கள். வல்லாரை, பொன்னாங்காணி போன்ற எதையேனும் மிக மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்து, சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி, இறக்கியபின் தேசிக்காய் பிழிவது. எந்த ஆய்வுகூடமும் இதைவிடத் திறமாக வகுத்திருக்க முடியாது. தேங்காயின் கொழுப்பு இல்லாமல் கரட்டீன் சரியாக உடம்பில் சேராது. அடுப்பில் இருக்கையிலேயே புளியைப் பிழிந்தால் விற்றமின் சி வெப்பத்தில் அழிந்து போகும். பீட்ரூட் இலையை மட்டும் முதலில் கொதிநீரில் அவித்து நீரை ஊற்றிவிடுவது நல்லது. அதிலுள்ள ஒட்சாலிக் அமிலம் கல்சியத்தைக் கட்டிப் போடும்; அவித்த நீரோடு அதில் ஒரு பகுதி போய்விடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெலிமடைத் தோட்டங்களில் மருந்தடிப்பு மிகுதி. அண்மையில் மருந்தடித்த பாத்தி இலையை யாரும் தொடாதிருப்பதே நன்று. முருங்கையை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பதுளைக்குக் கீழே வெப்பமான இடங்களில் அது செழிக்கும். வெலிமடைக் குளிர் அதற்கு ஒத்துவருவதில்லை.

அடுத்தது குரக்கன். லயத்து முதியவர் அதைக் கேப்பை என்பார். நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கின்றது. அரிசியில் உள்ளதைப் போல் இது முப்பது மடங்கு. ஊவாவின் தாழ்ந்த பகுதிகளில், வெல்லச பக்கத்துச் சேனைகளில், இது தொன்றுதொட்டு விளைகின்றது. ஆயினும் லயங்களில் இது மறக்கப்பட்டுவிட்டது. கறுத்த ரொட்டியைப் பாடசாலைக்குக் கொண்டுவரப் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். கொழும்பில் நீரிழிவுக்காரர் அதையே விலை கொடுத்துத் தேடி உண்கிறார்கள் என்று வகுப்பில் நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

பருப்பும் நெத்தலிக் கருவாடும் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1934-35இல் மலேரியாவால் நாடு சீரழிந்தபோது றுவான்வெலைப் பகுதியில் பருப்பு வழங்கிய என். எம். பெரேராவை மக்கள் "பருப்பு மாத்தயா" என்றே அழைத்தார்கள். பருப்பின் அருமைக்கு அதுவே போதிய சான்று. நெத்தலியை முள்ளோடு மென்று தின்பதால் புரதத்தோடு கல்சியமும் கிடைக்கின்றது.

ஆனால் ஏழைக்குப் போஷாக்குப் பற்றி உபதேசம் செய்வதைப் போல் எளிதான தொழில் வேறில்லை. 1974இல் தோட்டங்களில் மக்கள் பசியால் மாண்டார்கள். அந்த ஆண்டில் தோட்டப்புற மரண விகிதம் திடீரென ஏறியது. அவர்கள் கீரையின் அருமை தெரியாமல் சாகவில்லை. உண்ண ஏதும் இல்லாமல் செத்தார்கள். 2022இல் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஏறியது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் தோட்ட நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆகியிருந்தது. 1973 முதல் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாக வழங்கப்பட்டு வந்த திரிபோஷாவும் அவ்வாண்டில் தட்டுப்பட்டது. அது கிடைக்கும்போதும், ஒரு பிள்ளைக்கென்று கொடுத்த பொட்டலம் நான்கு பிள்ளைகளுக்குப் பங்காகின்றது. எந்தத் தாயால் மற்ற மூவரைப் பார்க்க வைத்து ஒருவனுக்கு ஊட்ட முடியும்? சம்பளமும், லயத்து வாசலில் பயிரிட ஒரு துண்டு நிலமும் இல்லாமல், விற்றமின் அட்டவணையை மட்டும் சுவரில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வாசலில் நிலம் இல்லாதோர் என்ன செய்கிறார்கள் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பாடசாலைக்குக் கீழே உள்ள லயத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறார். பீலியிலிருந்து வழியும் தண்ணீர் வீணாகக் கானில் ஓடுமிடத்தில், ஓட்டை விழுந்த பழைய தகரங்களில் மண்ணிட்டுப் பொன்னாங்காணியும் வல்லாரையும் வைத்திருக்கிறார்.

"இதெல்லாம் யாருக்கு அம்மாயி?" என்றேன்.

"வாத்தியாரய்யா, நான் ஒருத்தி எவ்வளவு தின்னப் போறேன்? லயத்துல எந்தப் புள்ளைக்காச்சும் மசக்கைன்னு தெரிஞ்சா ரெண்டு கொப்பு ஒடிச்சுக் குடுத்துருவேன். நட்டு வச்சுக்கிட்டா அது பாட்டுக்குத் தழைக்கும். மாவுல அரிஞ்சு போட்டுப் பெசைஞ்சு ரொட்டி தட்டச் சொல்லுவேன். கேப்பை மாவு கெடைச்சா ஒரு கை சேத்துக்கலாம்."

"தின்கிறார்களா?"

"மொத நாளு மொகத்தச் சுளிப்பாளுக. வவுறு பசிச்சா தின்னுருவாளுக. தின்னு முடிக்கிற மட்டும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில குடுக்க மாட்டேன்."

ஏழு வீடுகளுக்கு இதுவரை கொப்பு கொடுத்திருப்பதாக விரல்விட்டு எண்ணிச் சொன்னார். அவற்றுள் இரண்டு காய்ந்து போய்விட்டனவாம். அந்த இரண்டு வீட்டுக்கும் மழை விட்டதும் மறுபடி கொடுப்பதாக இருக்கிறார்.