பொறியியல் மருத்துவத்திற்குப் படிக்கட்டாகுமா?

விருதுநகர் மாவட்டத்து மக்களுக்கு ‘மருந்து’ என்னும் சொல் இரு பொருள் தருவது. நோயாளி உண்பதும் மருந்து. பட்டாசுக் குழாயினுள் செலுத்தப்படுவதும் மருந்து. முன்னது உயிரைக் காப்பது. பின்னது, சற்றே கவனம் பிசகினாலும் உயிரைக் குடிப்பது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியிலும், 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்திலும் நிகழ்ந்த வெடிவிபத்துகளை இவ்வட்டாரம் எளிதில் மறக்குமா? தீப்புண்பட்டோரைச் சுமந்து வண்டிகள் மதுரை நோக்கி விரைவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, “நான் மருத்துவராவேன்” என்று சொல்லும்போது, அதைப் பட்டத்தின்மேல் எழுந்த வெறும் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்த ஆசைக்குப் பின்னால் ஒரு தலைமுறையின் வரலாறும் இருக்கிறது. சிவகாசித் தொழிற்சாலைகளில் குழந்தைகள் வேலை செய்தது குறித்து உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் தீர்ப்பு வழங்கியது. அந்நாட்களில் பள்ளிக்குச் செல்லாமல் தீக்குச்சி அடுக்கிய சிறுவர் சிறுமியர் பலர் இன்று தாயும் தந்தையுமாக நிற்கின்றனர். தமக்குக் கிட்டாத கல்வி தம் மக்களுக்காவது கிட்ட வேண்டும் என்று அவர்கள் ஏங்குவதில் வியப்பில்லை.

ஆனால் ஆசை வேறு, வழி வேறு. மேல்நிலைத் தேர்வு முடிந்து, நீட் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் வராதபோது, பல இல்லங்களில் ஓர் அறிவுரை ஒலிக்கக் கேட்கிறோம். “இப்போதைக்குப் பொறியியற் கல்லூரியில் சேரட்டும், பட்டம் பெற்றபின் மருத்துவத்திற்குப் போய்க்கொள்ளலாம். அமெரிக்காவில் அப்படித்தான் படிக்கிறார்கள்” என்பதே அது. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்கும் பெற்றோரோ, நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்திவிடுகின்றனர். ஆகவே இவ்வறிவுரை எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகிறது.

கடல் கடந்த வழக்கம்

அமெரிக்க நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர் பெரும்பாலும் நேரே மருத்துவக் கல்லூரியில் நுழைவதில்லை. முதலில் நான்காண்டுகள் படித்து இளநிலைப் பட்டம் பெற வேண்டும். அப்பட்டம் உயிரியலாக இருக்கலாம், வரலாறாக இருக்கலாம், பொறியியலாகவும் இருக்கலாம். ஆனால் உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றில் மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களைப் படித்துத் தேறியிருக்க வேண்டும். ‘எம்கேட்’ என்னும் நுழைவுத் தேர்வையும் எழுத வேண்டும். அதன் பின்னரே நான்காண்டு மருத்துவப் படிப்பு. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் இல்லினாய் மருத்துவக் கல்லூரி, பொறியியலை அடிப்படையாகக் கொண்டே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாணவர் குழு 2018ஆம் ஆண்டில் சேர்ந்தது. எனவே அங்கே பொறியியல் மருத்துவத்திற்குப் படிக்கட்டாவது உண்மையே.

எனினும் அந்தப் படிக்கட்டு அந்த வீட்டுக்கு உரியது. அங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் பலவும் அந்நாட்டுக் குடிமக்களையும் நிலையான குடியுரிமை பெற்றவர்களையுமே சேர்த்துக்கொள்கின்றன. பிற நாட்டு மாணவருக்கு இடம் கிடைப்பது அரிது. கட்டணமோ நம் குடும்பங்களுக்கு எட்டாதது. சிவகாசியில் வாழும் பிள்ளைக்கு அந்த வழக்கத்தை எடுத்துக்காட்டுவது, அடுத்த ஊர்ப் பேருந்தின் நேர அட்டவணையைக் கொண்டு நம்மூர் நிறுத்தத்தில் காத்திருப்பதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டு நடைமுறை

நம் நாட்டில் மருத்துவத்தின் வாயிலும் பொறியியலின் வாயிலும் மேல்நிலைப் படிப்பின் முடிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றின் வழியாக மற்றொன்றுக்குள் செல்லும் உள்வழி கிடையாது. எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர, மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேறியிருத்தல் வேண்டும். நீட் தேர்விலும் தகுதி பெற வேண்டும். பொறியியற் பட்டம் பெற்றவர் என்பதற்காக ஒரு மதிப்பெண்ணும் கூட்டித் தரப்படுவதில்லை.

“பொறியியல் முடித்தவர் நீட் எழுதவே முடியாதா?” என்று கேட்கலாம். தாராளமாக எழுதலாம். இத்தேர்வுக்கான மேல் வயது வரம்பு 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. மேல்நிலையில் உயிரியல் படிக்காதவர்கள், அங்கீகரிக்கப்பட்ட கல்வி வாரியத்தில் அப்பாடத்தைக் கூடுதலாக எழுதித் தேறினாலும் தகுதி உண்டு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. ஒடிசா மாநிலத்தில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் 2020ஆம் ஆண்டில், தமது 64ஆம் வயதில், மருத்துவ மாணவராகச் சேர்ந்த செய்தியும் நாடறிந்ததே.

ஆகவே வாயில் மூடப்படவில்லை. ஆனால் அங்கே செல்லும் பாதை எப்படிப்பட்டது? 2025ஆம் ஆண்டு நீட் தேர்வில் மொத்தம் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். அவற்றில் 90 வினாக்கள், அதாவது 360 மதிப்பெண்கள், உயிரியலுக்கு உரியவை. நான்காண்டுகள் எந்திரவியலோ கணிப்பொறியோ படித்த மாணவர், செல்லையும் திசுவையும் மறந்த நிலையில், அப்போதுதான் பள்ளியை விட்டு வந்த பிள்ளைகளோடு போட்டியிட வேண்டும். வென்றாலும் நான்காண்டுப் பொறியியல், நான்கரை ஆண்டு மருத்துவம், ஓராண்டுப் பயிற்சி என ஒன்பதரை ஆண்டுகள் ஓடிவிடும். தீபாவளிப் பருவத்துக் கூலியை நம்பி வாழும் குடும்பம் அத்தனை காலம் தாங்குமா? மருத்துவத்தையே நாடும் பிள்ளை, தகுதிக்கு அருகில் வந்து தவறியிருந்தால், ஓராண்டை அத்தேர்வுக்கென்றே ஒதுக்கிப் படிப்பது நான்காண்டுச் சுற்றுவழியைவிட நேரியது, செலவும் குறைந்தது.

முடிவெடுக்கும் வேளை

உண்மையான முடிவு பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே எடுக்கப்படுகிறது. பதினோராம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கும் அடங்கிய பிரிவில் சேரும் மாணவருக்கு இரு வாயில்களும் திறந்திருக்கும். கணிதத்தோடு கணிப்பொறி அறிவியலை எடுத்தால் மருத்துவ வாயில் பெரும்பாலும் அடைபடும். கணிதத்தை விட்டால் பொறியியற் பிரிவுகள் பலவும் அடைபடும். உள்ளம் உறுதியாகாத பிள்ளைக்கு அந்த நான்கு பாடப் பிரிவே பாதுகாப்பானது. சுமை சற்றுக் கூடுதல் என்பது மெய். ஆயினும் பிற்பாடு கண்ணீர் விடுவதைவிடப் பாரம் சுமப்பது மேலன்றோ!

இன்னொன்றையும் நம் பங்குக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழகத்தில் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு ஒதுக்கப்படுகிறது. நம் பிள்ளைகள் பலர் படிக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. உதவிபெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒன்றே என்று எண்ணியிருந்து, விண்ணப்பிக்கும் வேளையில் திகைப்பதில் பயனில்லை.

நம் மாவட்டத்துக்கென்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரி விருதுநகரில் 2022 ஜனவரி 12ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அதில் ஆண்டுக்கு 150 இடங்கள். அதற்கு முன்பு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டியிருந்த நிலையை எண்ணினால் இது பெரும் பேறே.

நோயாளிக்கு உதவும் பொறியாளர்

இனி, மருத்துவ இடம் கிடைக்காமல் பொறியியலுக்குச் செல்லும் பிள்ளை, நோயுற்றோருக்குத் தொண்டாற்றும் வாய்ப்பை இழந்துவிடுகிறதா? இல்லவே இல்லை. தலைக்குள் இருப்பதைத் திறவாமலே காட்டும் சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு மருத்துவரல்லர், மின்பொறியாளர். 1971ஆம் ஆண்டில் இலண்டனில் முதல் நோயாளி அக்கருவியால் பரிசோதிக்கப்பட்டார். 1979ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தைப் பாருங்கள். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் அறுவை மருத்துவர் வலியத்தானும், பொறியாளர் புவனேஸ்வரும், அவர்தம் குழுவினரும் பல்லாண்டுகள் உழைத்துச் செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்கினர். முதல் மாதிரிகள் தோல்வியுற்றன, அவர்கள் கைவிடவில்லை. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992ஆம் ஆண்டில் தோன்றிய ஆரோலேப், வெளிநாட்டிலிருந்து மிகுந்த விலைக்கு வாங்கப்பட்ட கண் வில்லையை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் செய்து தந்தது. அத்தனை தூரம் போவானேன்? நம் இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் கட்டுத்துணி எத்தனை மருத்துவமனைகளில் புண்களைச் சுற்றுகிறது!

இத்துறையில் ஈடுபட விரும்புவோர்க்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி முதலியவற்றில் உயிர்மருத்துவப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி. 2023ஆம் ஆண்டில் மருத்துவ அறிவியல், தொழில்நுட்பத் துறை ஒன்றைத் தொடங்கி நான்காண்டுப் படிப்பையும் ஏற்படுத்தியுள்ளது. இவற்றைப் படித்தவர் மருத்துவராகச் சிகிச்சை அளிக்க இயலாது. மருத்துவருக்கு வேண்டிய கருவியை ஆக்கித் தருவார். இந்த வேறுபாட்டைச் சேருமுன்னரே பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் நம் வட்டாரத்திற்கு மிகவும் நெருக்கமான பணி ஒன்று உண்டு. பட்டாசு ஆலையில் உராய்வால் எழும் பொறி, உடலிலும் உடையிலும் சேரும் நிலைமின்சாரம், மருந்துக் கலவையின் சூடு, ஓரறையில் குவியும் ஆட்களின் எண்ணிக்கை ஆகியவையே பெரும்பாலும் விபத்துக்குக் காரணமாகின்றன. இவற்றைக் கட்டுப்படுத்துவது பொறியியலும் வேதியியலும் கற்றவரின் வேலை. தீப்புண்ணை ஆற்றுபவர் மருத்துவர்; தீயே எழாமல் தடுப்பவர் பொறியாளர். முன்னவருக்கு நோயாளி நன்றி கூறுவார். பின்னவருக்கு நன்றி கூற ஆளிராது. ஏனெனில் அவர் காத்த உயிர்கள், ஆபத்து வந்ததையே அறியாமல் மாலையில் வீடு திரும்பிவிடும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

சீராக்கின் ஞானநூலில் 38ஆம் அதிகாரம், மருத்துவரை மதிக்க வேண்டுமென்று கற்பிக்கிறது. நம்மில் பலர் அதனோடு நூலை மூடிவிடுகிறோம். அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் உலைக்கருகே வேகும் கொல்லனும், சக்கரத்தைக் காலால் சுழற்றும் குயவனும் வருகின்றனர். அவர்களின்றி நகர் இல்லை என்கிறது அந்நூல். மருத்துவரையும் கைவினைஞரையும் ஒரே அதிகாரத்தில் அமர்த்திய ஞானி, ஒருவரை மற்றவருக்குப் படிக்கட்டாக்கவில்லை.

நாமும் அவ்வாறே எண்ணிப் பழக வேண்டும். மருத்துவத்துக்குப் போகும் இடைவழி என்று பொறியியலில் சேர்க்கப்பட்ட பிள்ளை, கைக்கு வந்த படிப்பிலும் மனம் பதியாது, கைக்கு எட்டாத படிப்பையும் எண்ணி நான்காண்டுகள் வாடும். பொறியியலைப் பொறியியலாகவே ஏற்றுச் சேர்ந்த பிள்ளை தழைக்கும். தேர்வு முடிவு வரும் நாளில் உங்கள் மகனோ மகளோ உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பர். மதிப்பெண் குறைந்தது என்பதற்காக அம்முகம் வாடிப்போனால் அப்பிள்ளை எங்கே போகும்? எந்தத் தேர்வும் ஒரு பிள்ளையின் உயிரைவிடப் பெரிதன்று. இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லுங்கள்.

அதன்பின் பிள்ளையை அருகில் அமர்த்தி, “உன்னால் யாருக்கு நன்மை உண்டாக வேண்டும் என்று விரும்புகிறாய்?” என்று கேளுங்கள். அதற்கு அது சொல்லும் விடையைக் கேட்டபின் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.